பிளீச்சிங் வாளி

போன வாரம் தம்பியை ஏணியின் மேல் படியில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் பேரிக்காய்ப் பூக்கொத்து. கீழே அக்கா நின்றுகொண்டு, "இறங்குடா, விழுந்து வைக்காதே!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கவலைப்பட்டுக் கடிதம் எழுதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், பத்திரமாக இறங்கிவிட்டான். அதற்குப் பிறகு நடந்ததுதான் சரியில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. தோட்டம் அக்காவுடையது, அவளும் தம்பியும் பிறந்து வளர்ந்த இடம். போன வருஷம் பூக்கிற பருவத்தில் அங்கே கருகல் நோய் வந்தது. பூ கறுத்தது. கொழுந்து கறுத்து, குடைப்பிடி மாதிரி வளைந்து தொங்கியது. பட்டையிலிருந்து தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. அதுவரை சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஆன்டிபயாடிக் மருந்து அந்த முறை வேலை செய்யவில்லை. கிருமி அதற்குப் பழகிவிட்டது. மேல் தோட்டம் முழுவதையும் வெட்டி எரித்தார்கள். அக்கா அன்று முழுக்க அந்தப் புகையிலேயே நின்றாள்.

"அடுத்த வருஷமும் வந்துச்சுன்னா கீழ்த் தோட்டத்தையும் எடுத்துடணும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார் தோட்டக்கலை அதிகாரி. "பக்கத்துத் தோட்டக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் அக்காவுக்கு அவர் மேல் கோபப்படவும் வழி இல்லாமல் போயிற்று. கோபம் வேறு ஆள் மேல் திரும்பியது. அந்த ஆள் அவள் புருஷன், அத்தான்.

கவாத்துச் செய்யும்போது ஒவ்வொரு கிளையையும் வெட்டியதும் கத்தரியை பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மரத்துக் கிருமியை அடுத்த மரத்துக்கு நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. போன வருஷக் குளிரில் விரல் விறைத்துப்போய், அத்தான் ஒரு வரிசையை முக்காமலே வெட்டி முடித்தார். நோய் அதனால்தான் வந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் மரங்கள் எரிந்த அன்று, அதிகாரி, வேலையாட்கள், பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாரும் பார்க்க, அக்கா விரலை நீட்டி, "இந்த மனுஷன்தான்," என்றாள்.

அன்றைக்குப் பிறகு அவரோடு நேரே பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் யாராவது இருந்தால் அவர்கள் மூலம் பேசுவாள். யாரும் இல்லையென்றால் அடுப்பு இருக்கிறது. "ஏ அடுப்பே, காபி ஆறிப்போகுதுன்னு சொல்லு," என்பாள். அத்தானும் அடுப்பைப் பார்த்தே தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்துக்கொள்வார். முதலில் தமாஷாக இருந்தது. வருஷம் ஓடினதும் தமாஷ் போய்விட்டது.

இதற்கு நடுவில்தான் தம்பி வந்தான். பயிர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். கிருமியைக் கிருமியை வைத்தே தடுக்கலாம் என்றான். "எல்லாக் கிருமியும் கெட்டது இல்லக்கா. இப்போ தயிரை எடுத்துக்கோ..." என்று ஆரம்பித்து நெடுநேரம் விளக்கினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனுக்குப் பெயரே தயிர்.

கடைசியில் அக்காவுக்கு அவளுடைய வழியிலேயே புரிந்தது.

"அதாவது, கெட்டவன் வந்து உட்கார்ற இடத்துல நம்ம ஆளை முன்னாடியே உட்கார வச்சுடறது. பஸ்ல கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற மாதிரி?"

"அதேதான். பூவோட நடுவுல சின்ன முனை இருக்கு பாரு, அதுதான் சீட்டு. ஒரே ஒரு விஷயம். கைக்குட்டை உயிரோட இருக்கணும்."

மஞ்சள் நிறத் தூளாக, பொட்டலங்களில் வந்தன அந்த நல்ல பாக்டீரியாக்கள். தண்ணீரில் கரைத்து, பாதிப் பூ விரிந்ததும் கீழ்த் தோட்டம் முழுக்கத் தெளித்தார்கள். பூவில் அது ஒட்டிக்கொண்டதா என்று பார்க்கத்தான் ஏணி, டப்பா எல்லாம். பறித்த பூக்களை, கிருமி வளர்க்கும் கெட்டியான கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுகளில் ஒற்றி, பழைய செருப்புப் பெட்டியில் அடுக்கி, சூடு வேண்டுமென்று ஃபிரிட்ஜின் தலையில் வைத்திருந்தான் தம்பி. பூவில் ஒட்டியிருந்தால் மஞ்சள் புள்ளிகள் முளைக்கும்.

இன்று காலை பெட்டியை இறக்கினான்.

"என்னடா தயிர், உறைஞ்சுதா?" என்றாள் அக்கா, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே.

அவன் மூடியைத் திறந்தான். ஒவ்வொரு தட்டாக ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். பொட்டலத்துத் தூளை நேராகத் தடவிய தட்டில் மஞ்சள் புள்ளிகள் இடமில்லாமல் நெருக்கியடித்து முளைத்திருந்தன. பூக்களை ஒற்றிய தட்டுகளில் எங்கேயாவது ஓர் ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை. மஞ்சள் ஒரு பொட்டு இல்லை.

"டேய், வாயைத் திறந்து சொல்லுடா."

"பூவுல ஒண்ணுமே இல்லக்கா."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"அன்னைக்கு நாம அடிச்சது வெறும் தண்ணி. அவ்வளவுதான்."

அக்கா ஈரக்கையோடு ஜன்னலுக்கு வந்தாள். கீழே தோட்டம் முழுப் பூவில் வெள்ளையாய் நின்றது. காற்று அசையவில்லை. காலையிலேயே கழுத்தில் வியர்த்தது. சாயங்காலம் மழை என்று ரேடியோவில் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். பூ விரிந்திருக்கும்போது புழுக்கமும் மழையும் சேர்ந்து வந்தால் கருகலுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. போன வருஷமும் இதே மாதிரி ஒரு நாள்தான்.

அந்த மரங்களும் போனால் அவளுக்கு வேறு வேலை தெரியாது. கற்றுக்கொள்ளவும் மனசு இல்லை.

"தூள் உயிரோட இருக்கு," என்று தனக்குத்தானே பேசினான் தம்பி. "பூவுல இல்ல. அப்போ நடுவுல எங்கேயோ செத்திருக்கு. நடுவுல என்ன இருக்கு? தண்ணி. டேங்க்."

பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினான். அக்காவும் பின்னாலேயே போனாள்.

கொட்டகை வாசலில் எப்போதும் போல பிளீச்சிங் வாளி இருந்தது. உள்ளே மூலையில் அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து கத்தரிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவரைக் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் அது ஒரு பழக்கமாகிவிட்டது.

தம்பி சக்கர வண்டியிலிருந்த மருந்து டேங்கின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டான். முகர்ந்தான். வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. கையை நுழைத்து அடியைத் தடவினான். விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. சட்டைப் பையிலிருந்த நீலக் கைக்குட்டையை நனைத்து அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தான். வெளியே எடுத்து விரித்தான்.

கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையின் நடுவில் நீலம் வெளுத்து, ஒரு கை அகலத்துக்கு வெள்ளையாகிவிட்டது.

"பிளீச்சிங்," என்றான். "டேங்கை பிளீச்சிங் போட்டுக் கழுவியிருக்காங்க. உயிருள்ளதைக் கொண்டுவந்து நான் இதுல ஊத்திக் கலக்கியிருக்கேன்."

பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"யார் கழுவினது?"

அக்கா கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"உயிருள்ள கிருமியை என் மரத்துல அடிக்கவானு முதல் நாளே குதிச்சது நீதானே? சரி சரின்னு தலையாட்டிட்டு, இந்த வேலை பண்ணியிருக்கியா?"

"டேய், வார்த்தையை அளந்து பேசு."

"அப்போ யாருன்னு சொல்லு!"

அக்காவின் பார்வை தற்செயலாக மூலைக்குப் போனது. சாணைக்கல் நின்றிருந்தது. அத்தானின் கைகள் கத்தரியைப் பிடித்தபடி அந்தரத்தில் இருந்தன. தோல் உரிந்து, வெடிப்பு விட்டு, நகத்தைச் சுற்றி வெளுத்துப்போன கைகள். கால்சட்டையின் முழங்காலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். போன வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதர் எதையும் முக்காமல் விட்டதில்லை. கத்தரி, ரம்பம், ஏணிக்கால், கையுறை, வாசல் சாவி. ஒருமுறை காபி டம்ளரைக் கூட முக்கியதை அவளே பார்த்தாள். பார்த்தும் அடுப்பிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

மறுபடியும் அந்த விரலை நீட்ட வேண்டும். நீட்டினால் உண்மை. போன தடவையாவது சந்தேகம்தான், இந்தத் தடவை சாட்சியே தம்பியின் கையில் தொங்குகிறது. ஆனால் கை எழவில்லை. போன வருஷம் அவர் அத்தனை பேர் நடுவில் நின்ற நிலை அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், எரிகிற மரங்களைப் பார்த்தபடி நின்றார்.

"நான்தான்டா கழுவினேன்," என்றாள் அக்கா. "என்ன இப்போ?"

மூலையில் கத்தரி தரையில் விழுந்தது. அத்தான் எழுந்து வாயைத் திறந்தார்.

"ஏ சுவரே," என்றாள் அக்கா சட்டென்று, அந்தப் பக்கம் திரும்பாமலே, "யாரும் இதுல வாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லு."

ஒரு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? அவர் வாய் தானாக மூடிக்கொண்டது.

தம்பி அவளையே பார்த்தான். நம்ப முடியாத முகம் கொஞ்சம் கொஞ்சமாக நம்புகிற முகமாக மாறியது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"வேலை செய்யற இடத்துல எத்தனை பேர் கால்ல விழுந்து அந்தப் பொட்டலத்தை வாங்கிட்டு வந்தேன் தெரியுமா? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாமேக்கா. நானே போயிருப்பேன்."

அவன் வீட்டுக்குள் போனான். இரண்டாவது தெளிப்புக்கென்று ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பொட்டலங்களை எடுத்துக்கொண்டான். தன் வேனில் வைத்தான். கதவை அறைந்து சாத்தினான்.

கூப்பிட வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லாவிட்டால் தோட்டம் போகும். அக்கா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேற்கே வானம் அழுக்குத் தண்ணீர் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. 'போடா, போ' என்று மனசுக்குள் திட்டினாள். 'போயிடாதேடா' என்றும் மனசுக்குள்தான் சொன்னாள். இரண்டும் அவனுக்குக் கேட்கவில்லை.

வேன் வாசல் கேட்டை நெருங்கியதும் நின்றது.

கேட்டுக்கு நடுவே அத்தான் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. கையில் பிளீச்சிங் வாளி. ஓடிவந்த வேகத்தில் பாதி அவர் மேலேயே கொட்டியிருந்தது.

"அத்தான், நகருங்க."

"அவ இல்ல மாப்ள."

"நகருங்கன்னா!"

"நான்." வாளியை வேனுக்கு முன்னால் இறக்கி வைத்தார். "நான்தான் கழுவினேன். நீ கலக்கறதுக்கு முன்னாடி, காலையில. உன் மருந்து நல்லபடியா போய்ச் சேரணுமேன்னு, எப்பவும் போடறதைவிட ரெண்டு கை கூடப் போட்டேன். தண்ணி விட்டு அலசலை. வாசனை இருந்தாதான் சுத்தம்னு நினைச்சேன்."

ஒரு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

"அப்புறம் அக்கா ஏன்...?"

"தெரியல." அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார். "எனக்காக அவ பொய் சொல்லுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது மாப்ள. அதான் உடனே பேச்சு வரல. நீ என்னை எது வேணாலும் சொல்லு. அதிகாரி வந்தா நானே கை கட்டி நிக்கறேன். அந்தப் பொட்டலத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதே. அவகிட்ட வேற ஒண்ணும் மிச்சம் இல்ல."

தம்பி இறங்கினான். வாளிக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்தான். இன்னும் நன்றாகக் குனிந்து முகர்ந்தான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு வாசனையே தெரியல அத்தான். இந்த வாளிக்கு மேல முகத்தை வச்சும் தெரியல. பிறந்ததிலிருந்து இந்த நாத்தத்துலயே வளர்ந்து மூக்கு செத்துப்போச்சு. வேற எவன் டேங்கைத் திறந்திருந்தாலும் கண்டுபிடிச்சிருப்பான். நான் திறந்து, முகர்ந்து, நல்லா இருக்குன்னு ஊத்தினேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூரத்தில் இடி உருண்டது.

"எழுந்திரு மாப்ள," என்றார் அத்தான்.

வேன் திரும்பி வருவதைப் பார்த்த அக்கா எதுவும் கேட்கவில்லை. கிணற்றடியில் குழாயைத் திறந்துவிட்டாள். மூன்று பேருமாக டேங்கைக் கவிழ்த்துக் கழுவினார்கள். கவிழ்த்து, நிரப்பி, மறுபடி கவிழ்த்து. ஒவ்வொரு முறையும் தம்பி கைக்குட்டையின் ஒரு மூலையை எடுத்து உள்ளே துடைத்துப் பார்த்தான். முதல் மூலை வெளுத்தது. இரண்டாவது மூலை வெளுத்தது. மூன்றாவது லேசாக மங்கியது. மிச்சமிருந்த ஒரே மூலையை வைத்துத் துடைத்தபோது மூன்று தலைகளும் அதன் மேல் குனிந்திருந்தன. நீலம் நீலமாகவே இருந்தது.

"கலக்கலாம்," என்றான்.

"எல்லா வரிசைக்கும் வருமா?"

"தூள் வரும். வானம் விடணும். மழைக்கு முன்னாடி கொஞ்ச நேரமாவது பூவுல காய்ஞ்சு உட்காரணும்கா. ஈரத்தோட கழுவிட்டுப் போச்சுன்னா பிரயோஜனம் இல்ல."

சண்டையில் போன நேரம் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. மூன்று பேரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள்.

அத்தான் தெளிப்புக் குழாயைத் தொடவே மாட்டேன் என்றார். "என் கை வேண்டாம். கையிலேயே பிளீச்சிங் ஊறிக் கிடக்கு."

அக்கா டேங்கைப் பார்த்துச் சொன்னாள். "ஏ டேங்கே, சோப்புப் போட்டுக் கழுவிட்டுக் குழாயைப் பிடிக்கச் சொல்லு. இங்க ஆள் கிடையாது."

தம்பி தலையிலடித்துக்கொண்டான். இந்த நேரத்திலுமா! ஆனால் அத்தான் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

ஓடைப் பக்கத்து வரிசையில் ஆரம்பித்தார்கள். போன வருஷம் எரித்த மேல் தோட்டத்தை ஒட்டிய பக்கம் அது. தம்பி வண்டியைத் தள்ளினான். அக்கா குழாய் சிக்காமல் இழுத்துக் கொடுத்தாள். அத்தான் கிளை கிளையாக, பூவின் முகத்துக்கு நேராகத் தெளித்தார். மேலே போகும் கிளைகளுக்கு ஏணியைக் கொண்டுவர நேரமில்லை. வண்டியின் விளிம்பில் ஏறி நின்று எட்டினார். அவர் விழாமலிருக்க அக்கா பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு மட்டும் இல்லை.

வரிசை முடிந்தது. அடுத்த வரிசை. காற்று கிளம்பியதும் பாதித் தெளிப்பு அவர்கள் முகத்திலேயே அடித்தது. இடி கிட்டே வந்தது. முதலில் அடித்த மரங்களில் ஈரம் காய்ந்துவிட்டதாகத் தம்பி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து கத்தினான். யாருக்கும் சிரிக்க நேரமில்லை. டேங்க் காலியானது. மறுபடி கலக்கினார்கள். அக்காவின் உள்ளங்கையில் குழாய் உராய்ந்து தோல் போய்விட்டது. அவள் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வீட்டுப் பக்கத்து வரிசைகள்தான் பாக்கி. ஜன்னலிலிருந்து அக்கா தினமும் பார்க்கும் மரங்கள் அவை.

"இன்னும் கொஞ்சம்தான்," என்றான் தம்பி. அதை அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அக்காவின் நெற்றியில் ஏதோ பட்டது. குழாயிலிருந்து தெறித்தது என்று நினைத்து அவள் துடைத்துக்கொண்டாள். மறுபடி பட்டது. எதிரே ஒரு பூக்கொத்து தலையசைத்தது. அதற்குப் பக்கத்துக் கொத்தும் அசைந்தது. பிறகு இலைகளிலெல்லாம் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

தம்பி வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நின்றுவிட்டான். அத்தானுக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. அவர் வண்டியின் விளிம்பில் நின்றபடி, நனைகிற பூக்களின் மேல் இன்னும் தெளித்துக்கொண்டிருந்தார். ஒரு பூவையும் விடாமல், அவசரப்படாமல், அந்தக் கைகளால்.

அக்காவுக்குக் கண்ணை மறைத்தது. எதிரில் அடுப்பு இல்லை, சுவர் இல்லை. அவளுக்கு அது நினைவிலும் இல்லை.

"என்னங்க," என்றாள். "போதும், இறங்குங்க. மழை வந்திருச்சு."

அவர் குழாயை நிறுத்திவிட்டு, அவள் யாரிடம் பேசுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.